பழைய வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு எந்தப் பூச்சு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவுகளையும் தூண்களையும் புதுப்பிக்கும்போது, அந்த வேலையோடு வேலையாக, உரிமத்துடன் வீட்டில் இருந்துவரும் பழைய வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் மேலே பிளாஸ்டிக் படலம்போல் படியும் அதே பாலியூரித்தேன் பூச்சைக் கொடுத்துவிடுவதைக் காரைக்குடிப் பக்கம் பார்க்கிறேன். கதவுக்குப் பொருந்துவது துப்பாக்கிக் கட்டைக்குப் பொருந்தாது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. பழைய துப்பாக்கிகளின் கட்டையோ பெரும்பாலும் வால்நட் மரம். அது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும். ரைஃபிளில் அவ்வாறு உப்பிய கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் குறியே விலகிவிடும். ஈரத்தைத் தடுப்பதில் பாலியூரித்தேன் எண்ணெயைவிட வலிமையானது என்பதை மறுக்கவில்லை. மழையில் காட்டுக்குள் சுமந்து திரியும் துப்பாக்கிக்கு அதுவே சிறந்தது என்றும் வாதிடலாம். ஆனால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நம் வீட்டுத் துப்பாக்கிகள் எந்தக் காட்டுக்கும் போவதில்லை. அலமாரியில் இருக்கும் அவற்றுக்கு, கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துச் சரிசெய்யக்கூடிய பூச்சே தேவை. பாலியூரித்தேன் ஓரிடத்தில் உரிந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது கடினம். பெரும்பாலும் முழுவதையும் சுரண்டியெடுக்க நேரும். சுரண்டி உப்புத்தாள் போடும்போது, இரும்பின் விளிம்போடு ஒட்டி நிற்கவேண்டிய மரம் தாழ்ந்துபோகும்; கைப்பிடியில் வெட்டியிருக்கும் நுண்ணிய கட்டக்கோடுகளும் மழுங்கிவிடும். ஒருமுறை போன மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தக் கைவினைஞராலும் முடியாது.

அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்ச் பாலிஷ் அழகானதுதான். நீர் பட்டால் வெளுத்துவிடும். வீட்டில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவுவது நல்லதல்ல. தேங்காய் எண்ணெய் உலர்வதே இல்லை, நல்லெண்ணெயும் சரியாக உலராது. இரண்டுமே பிசுபிசுப்பாக நின்று தூசியைச் சேர்க்கும்.

என் கருத்தில் ஏற்றது, விரைவில் உலர்வதற்கான உலோக உப்புகள் சேர்த்து ‘பாயில்ட்’ என்று விற்கப்படும் ஆளி விதை எண்ணெய், அல்லது அதைவிட ஈரத்தை நன்கு தாங்கும், டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுபவை என்பதால் அவசரப்படக் கூடாது. முதல் பூச்சில் சிறிது டர்பன்டைன் கலந்து, மெல்லியதாகத் தடவி, மரம் குடித்தது போக மீதியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முழுவதும் உலர்ந்த பிறகே அடுத்த பூச்சுக்குப் போகவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் ஈரம் அதிகம் நுழைகிறது: குழல் படியும் பள்ளமும், தோளில் பதியும் கட்டை முனையிலுள்ள அடித்தகட்டுக்குக் கீழுள்ள வெட்டுமுகமும் பெரும்பாலும் பூச்சே காணாதவை. வெளிப்புறத்தை மின்னவைத்துவிட்டு அவற்றை விட்டுவிட்டால் வேலையில் பாதிதான் முடிந்தது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது பெரும் ஆபத்து. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. மரமே நிறைந்த நம் வீடுகளில் அத்தகைய துணியை நீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும், அல்லது வெளியே விரித்துக் காயவிடவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துப்பாக்கியைக் கதவுக்கு மெருகேற்ற வந்தவரிடம் ஒப்படைப்பது, வேலை நன்றாக அமைந்தாலும் முறையாகாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். ஆகவே கட்டையைக் கழற்றுவதும் பூசுவதும் அந்த உரிமம் பெற்றவரின் கடையிலேயே நடக்கட்டும். எந்த எண்ணெய், எந்தெந்த இடத்தில் என்பதை உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.