கல்வெட்டில் நான்கு பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாறு படித்தவர்களுக்கு நிர்வாகம் வராது என்று பேசுபவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ட்ரூ கில்பின் ஃபாஸ்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும்.

இனப் பிரிவினை கெட்டிப்பட்டிருந்த வர்ஜீனியாவில் வளர்ந்த வெள்ளையினச் சிறுமி அவர். 1957இல், ஒன்பது வயதில், பள்ளிகளில் நிறத்தின் பெயரால் பிள்ளைகளைப் பிரிப்பது தவறு என்று அதிபர் ஐசன்ஹோவருக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பேராசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டவர்களை எப்படிப் புதைத்தார்கள், எஞ்சியவர்கள் எப்படித் துக்கம் காத்தார்கள் என்பது அவர் ஆய்வுகளில் ஒன்று.

2007இல் ஹார்வர்டின் தலைவரானார்; நம் ஊர்த் துணைவேந்தர் பதவி போன்றது அது. 1636இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் முதல் பெண் தலைவர். 2018 வரை பொறுப்பில் இருந்தார்.

என் மனத்தை விட்டு அகலாதது 2016 ஏப்ரலில் நடந்தது. முன்னாள் தலைவர்கள் குடியிருந்த வாட்ஸ்வொர்த் இல்லத்தின் சுவரில் ஒரு கல்வெட்டு திறக்கப்பட்டது. டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா: அந்த வீட்டில் அடிமைகளாக உழைத்த நால்வரின் பெயர்கள். குடும்பப் பெயர்கூட இல்லை, அவ்வளவுதான் ஏடுகளில் மிஞ்சியிருக்கிறது. ஃபாஸ்டுடன் நின்று திறந்து வைத்தவர் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராளி ஜான் லூயிஸ். தனக்கு முன் அதே பதவியில் இருந்தவர்களின் குற்றத்தை அவர்கள் வாசலிலேயே எழுதி வைக்க, ஆவணங்களோடு வாழ்ந்த ஒருவருக்குத்தான் மனம் வந்திருக்கிறது.

நம் துணைவேந்தர் தேடல் குழுக்கள் வரலாற்றுத் துறைகளின் கதவையும் தட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்