சிலிண்டருக்கு இங்கே வீட்டுக்குள் இடமில்லை

கொலம்பஸ், ஒஹாயோ
நவம்பர்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் லலிதாவிடம் சொன்னேன். "மாடிப்படி ஏற வேண்டாம் என்று அவருக்கு எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். நீ கேட்கப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மரங்களெல்லாம் மொட்டையாகிவிட்டன. காலையில் காரின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் பையன் ஆபீசுக்குக் கிளம்புகிறான். பேரன் நன்றாகத் தமிழ் பேசுகிறான். ஆனால் மரியாதையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கொல்லைப்பக்கம் வருகிற அணிலைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்கிறான். நாங்கள் திருத்தவில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். மிச்சிகனில் உன் பெண் வாங்கியிருக்கிற வீட்டுத் தெருவில் கேஸ் குழாய் கிடையாது, மின்சார அடுப்பில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை, ஒரு கேஸ் அடுப்பு வாங்கி பார்பிக்யூவுக்கு விற்கிற வெள்ளை டேங்கிலிருந்து ஓட்டலாமா என்று மாப்பிள்ளை யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். "நம் வீட்டில் சிலிண்டர் அடுப்படியிலேயே நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது, இவர்கள் ஏன் இதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்?" என்றும் கேட்டிருந்தாய். பாய்லர் ஆலையில் பிரஷர் கேஜோடு குடித்தனம் நடத்தியவனிடம் இதைக் கேட்டால் கடிதம் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

அந்த டேங்கால் ஒரு வீட்டு அடுப்பை எரியவைக்க முடியும், அதில் சந்தேகமில்லை. முகாம் போகிற வண்டிகளில் சமைப்பது, குளிர்பெட்டி, ஹீட்டர் எல்லாமே அந்த அளவு டேங்கில்தான் ஓடுகின்றன. ஆனால் டேங்கை அடுப்புக்குக் கீழே வைத்து ஒரு டியூப் போட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை நினைத்தால், அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். இங்கே கடையில் விற்கிற பெரிய கேஸ் அடுப்புகள், ஓவனோடு சேர்ந்தவை, பெரும்பாலும் குழாயில் வருகிற இயற்கை எரிவாயுவுக்காகத் தயாராகி வருகின்றன. அது மீத்தேன். டேங்கில் இருப்பது புரொப்பேன். இங்கே வெப்பத்தை பி.டி.யு. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கன அடி மீத்தேன் வாயுவில் சுமார் 1,000 பி.டி.யு. வெப்பம் என்றால் அதே ஒரு கன அடி புரொப்பேனில் சுமார் 2,500. ஆகவே மீத்தேனுக்குத் துளைத்த ஜெட்டில், அதாவது கேஸ் பீறிடுகிற சின்ன முனையில், புரொப்பேனை விட்டால் தீ மஞ்சளாக, நீளமாக எழும்பும், பாத்திரத்தின் அடி கரியேறும். கரியைத் தேய்த்துவிடலாம். அரைகுறையாக எரிந்து கிளம்புகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, அதுதான் ஆளைக் கொல்லும். அதனால் ஒவ்வொரு பர்னருக்கும் ஓவனுக்கும் சின்னத் துளையுள்ள ஜெட் மாற்ற வேண்டும். பல அடுப்புகளில் அந்த ஜெட்டுகளை ஒரு சின்னப் பையில் போட்டு அடுப்பின் பின்பக்கம் ஒட்டியே அனுப்புகிறார்கள். அடுப்புக்குள்ளேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அதன் மூடியைக் கழற்றித் திருப்பிப் போட்டால் 4 அல்லது 5 அங்குலத்திலிருந்து 10 அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்கு, அதாவது தண்ணீரை 10 அங்குலம் தூக்குகிற அழுத்தத்துக்கு, மாறும். சில அடுப்புகளை மாற்றவே முடியாது. வாங்கும் முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

அழுத்தத்தை அங்குல நீர்மட்டத்தில் சொன்னதும் ஆலையில் அழுத்தம் அளந்த நம் பழைய யு-டியூப் மானோமீட்டர் ஞாபகம் வந்திருக்கும் உனக்கு. இங்கே டேங்க் ரெகுலேட்டர் அடுப்புக்குத் தருவது 11 அங்குலம், அதாவது 280 மில்லிமீட்டர் தண்ணீர். நம் ஊர் ரெகுலேட்டர் தருவது 300 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான்! நம் அடுப்பும் எல்.பி.ஜி.க்கென்றே துளைத்த ஜெட்டோடு வருவது. அதனால்தான் பெட்டியில் வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்த ரெண்டு பர்னர் அடுப்பு இங்கே கொல்லைப்புறத்தில் நன்றாகவே எரிகிறது. நம் அடுப்பில் ரப்பர் டியூப்பைச் செருகுகிற முனை, இங்கே மரை போட்ட பித்தளை இணைப்பு. அதற்குப் பொருத்தமான சாமான் தேட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அடுப்புக்கு இந்த நாட்டுத் தரச்சான்று இல்லாததால் வீட்டுக்குள் பொருத்த அனுமதி கிடைக்காது. தீ விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி எதைப் பிடித்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெகுலேட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல். சிவப்புத் திருகு வைத்து 10, 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரை கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று அதே கடையில், அதே அலமாரியில் தொங்கும். 11 அங்குலம் என்பது அரை பி.எஸ்.ஐ.கூட இல்லை. அந்தச் சிவப்பு ரெகுலேட்டர், நவம்பர் மாதத்தில் இவர்கள் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கிற பெரிய பர்னருக்கானது. நம் ஆட்கள் அதே பர்னரை வாங்கித் திறந்தவெளியில் அண்டா வைத்துப் பிரியாணி செய்கிறார்கள், பிரமாதமாக வருகிறது. வீட்டு அடுப்பில் அதை மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இப்போது நீ கேட்ட கேள்வி. ஏன் உள்ளே கூடாது?

இங்குள்ள தீப்பாதுகாப்பு விதிப்படி ஒரு பவுண்டு பிடிக்கிற குட்டி டப்பாவுக்கு மேல் எந்த புரொப்பேன் சிலிண்டரையும் குடியிருக்கிற வீட்டுக்குள் வைக்கக் கூடாது. காலியானது, கேஸ் உள்ளது என்ற பேதம் இல்லை. கார் நிறுத்துகிற கராஜிலும் கூடாது, பேஸ்மென்டிலும் கூடாது. பார்பிக்யூ டேங்கில் பிடிப்பது 20 பவுண்டு, நம் கணக்கில் 9 கிலோ. உன் வீட்டுச் சிவப்பு சிலிண்டரில் 14.2 கிலோ. சின்னதைத் தடுக்கிறார்கள், நாம் பெரியதைக் காலடியில் வைத்திருக்கிறோம் என்று எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு இந்த வீட்டையே ஒரு சுற்று பார்த்தேன். சுவரெல்லாம் மரச்சட்டம். ஆறு மாதம் ஜன்னலைத் திறப்பதே இல்லை, இடுக்கிலெல்லாம் ரப்பர் வைத்துக் காற்றைத் தடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ், வெந்நீர்த் தொட்டி, துணி உலர்த்துகிற மெஷின் எல்லாம் அங்கேதான். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, படியிறங்கிப் போய்ப் பொறி கிளம்புகிற இடத்திலேயே தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கலந்தாலே பற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டேன்: 9 கிலோவும் வாயுவானால் கிட்டத்தட்ட 5 கன மீட்டர். ஒரு சின்ன வீட்டின் மொத்தக் காற்றும், 200 கன மீட்டருக்கு மேல், வெடிக்கிற கலவையாக அது போதும். அதோடு டேங்கின் வால்விலேயே ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. வெப்பம் ஏறி உள்ளழுத்தம் 375 பி.எஸ்.ஐ. பக்கம் போனால் டேங்க் வெடிக்காமலிருக்க அது தானே திறந்து கேஸை வெளியே விடும். வெட்டவெளியில் அது நல்ல ஏற்பாடு. அடைத்த வீட்டுக்குள் யோசித்துப் பார்.

நம் ஊரில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எத்தனை செய்தி படித்திருக்கிறோம். ஆனால் உன் அடுப்படியில் தரைமட்டத்தில் கொல்லைக் கதவு இருக்கிறது, பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது, கீழே பேஸ்மென்ட் இல்லை. கதவும் ஜன்னலும் அடைத்து ஏசி போட்ட உன் பையனின் சென்னை ஃபிளாட்டை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. அவன் சிலிண்டருக்கு பால்கனியில் இடம் உண்டா, குழாய் போட முடியுமா என்று ஒரு தடவை கேள்.

குளிர் விஷயமும் இருக்கிறது. டேங்கில் கேஸ் திரவமாகத்தான் இருக்கிறது, கொதித்து ஆவியாகித்தான் வெளியே வருகிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் சிலிண்டரில் கலந்திருக்கிற பியூட்டேன் பூஜ்யத்துக்கு ஒட்டித்தான் கொதிக்கும். இந்தப் பனியில் அது அடியில் அப்படியே கிடக்கும். அதனால்தான் இங்கே டேங்கில் ஏறக்குறைய முழுக்கப் புரொப்பேன். 20 டிகிரி வெயிலில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல், பூஜ்யத்தில் அதில் பாதி. கொதிக்கிற திரவம் தன் வெப்பத்தையே தின்னும், டேங்கின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும். ஒரு பர்னர் என்றால் சமாளிக்கும். நாலு பர்னரும் ஓவனும் சேர்ந்தால் மணிக்கு 60,000 பி.டி.யு. போல இழுக்கும், ஜனவரி மாத மிச்சிகனில், அதுவும் பாதி காலியான குட்டி டேங்க், அதற்கு ஈடுகொடுக்காது. தீ சுருங்கிக்கொண்டே போகும். அப்போது டேங்கைச் சூடாக்குகிறேன் என்று யாரும் நெருப்பையோ ஹீட்டரையோ பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

சிக்கனமும் இல்லை. 20 பவுண்டில் இருப்பது சுமார் 4,30,000 பி.டி.யு. எல்லாவற்றையும் சேர்த்து எரித்தால் ஏழு மணி நேரம்தான் தாங்கும். மாற்றித் தருகிற கடைகளில் பல டேங்குகளில் 15 பவுண்டுதான் நிரப்பித் தருகிறார்கள். காலன் கணக்கில் நிரப்புகிற இடம் தேடிப் போவது மேல். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க உன் அம்மா ஈரத் துணியால் சிலிண்டரைத் துடைப்பாரே, கேஸ் உள்ள மட்டம் வரை ஈரம் காயாமல் நிற்கும், அந்த வித்தை இங்கேயும் பலிக்கிறது. பையன் ஆச்சரியப்பட்டுப் போனான்.

ஆகவே மாப்பிள்ளையிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. அந்த வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக்குவது எது? அமெரிக்காவிலேயே வீட்டுக்குப் புரொப்பேன் அதிகம் எரிக்கிற மாநிலம் மிச்சிகன்தான். கேஸ் குழாய் வராத தெரு என்றால் கொல்லையில் 500 காலன் டேங்க் ஒன்று படுத்த வாக்கில் கிடக்க வாய்ப்பு நிறைய. அது இருந்தால் வேலை சுலபம்: புரொப்பேன் கம்பெனி ஆள் அதே லைனிலிருந்து அடுப்படிக்கு ஒரு கிளை இழுத்து, ஜெட் மாற்றி, அழுத்தம் அளந்து கொடுத்துவிடுவார். இல்லையென்றால் 100 பவுண்டு சிலிண்டரையோ 120 காலன் டேங்கையோ வெளிச்சுவர் ஓரம் நிறுத்தி, சுவர் வழியாகக் குழாய் கொண்டுவரலாம். ஜன்னலிலிருந்தும் ஏசி மெஷினிலிருந்தும் எத்தனை அடி தள்ளி என்பதற்கெல்லாம் விதி உண்டு, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் கேஸ் கசிவை மோப்பம் பிடிக்கிற அலாரம் தரையோரம் ஒன்று, கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக ஒன்று.

அந்த வெள்ளை டேங்கையும் வாங்கிக்கொள்ளட்டும், கொல்லைக்கு. லலிதா அப்படித்தான் செய்கிறாள். இங்கே உள்ளே இருப்பது கண்ணாடி மேல்பரப்பு மின் அடுப்பு; அதில் தோசைக்கல் நடுவில் தீய்கிறது, ஓரத்தில் வேகவே இல்லை. இப்போது பின்பக்க மரத்தளத்தில் இரண்டு பர்னர் அடுப்பு. கருவாட்டுக் குழம்பு, மிளகாய் வறுப்பது, அப்பளம் எல்லாம் அங்கேதான். கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு தாளிக்கிறாள். உள்ளே புகை அலாரம் அலறுவதும் நின்றது. அபார்ட்மென்ட் பால்கனியில் இதைப் பல ஊர்களில் அனுமதிப்பதில்லை, தனி வீட்டில் பிரச்சினை இல்லை.

ஒரு சின்னத் தகவல், இது தெரியாமல் பலர் டேங்கையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இணைப்பில் ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கிறது. கேஸ் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால் டியூப் அறுந்துவிட்டது என்று நினைத்து அது அடைத்துக்கொள்ளும். அடுப்புக் குமிழ் திறந்திருக்க டேங்க் வால்வைச் சட்டென்று திருகினால் இப்படி ஆகும், தீ மினுக்கு மினுக்கென்று எரியும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி மாட்டி, குமிழ்கள் மூடியிருக்கும்போது வால்வை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற உன் பழக்கத்தை மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

அவர் அடுப்பு பார்த்து வைத்திருந்தால், அதில் ஒட்டியிருக்கிற தகவல் தகட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். எந்த கேஸ், எத்தனை அங்குலம், எத்தனை பி.டி.யு. எல்லாம் அதில் இருக்கும். பையன் நம்பர் உன்னிடம் இருக்கிறதல்லவா? ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் நானே எடுப்பேன்.

நாங்கள் மாசி பிறந்ததும் திரும்புகிறோம். உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது. போன தடவை மாதிரி "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிவிட்டு, வந்த பிறகு ஸ்பேனர் செட் கேட்காதே.

உன்,
ராமநாதன்