பதிமூன்றாம் நம்பர் ஆள் யார் என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கூரியர் பையன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு வந்த மருந்து என்று நினைத்து நீதான் கத்தரிக்கோல் எடுத்துப் பிரித்தாய். உள்ளே மூன்று காமிக்ஸ். மேலே இருந்த அட்டையில் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். நீ அதைத் தூக்கிக் காட்டி, "டேய், அம்பது வயசு ஆயிடுச்சுடா. இன்னுமா இதையெல்லாம் படிக்கிற?" என்றாய். உன் மகள் சிரித்தாள். என் வீட்டுக்காரி அதைவிடப் பலமாகச் சிரித்தாள். இருபது வருஷமாக அவள் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குத் துணை கிடைத்த சந்தோஷம். நானும் சிரித்து மழுப்பினேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு நீ போன் செய்தாய். மாவு புளிக்கவில்லை, பக்கத்து வீட்டில் நாய் வாங்கியிருக்கிறார்கள், அத்தானுக்கு முட்டிவலி என்று எல்லாவற்றையும் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "ஆமா, பதிமூணுன்னு பச்சை குத்தின ஆளு ஒருத்தன் இருந்தானே... கடைசில அவன் யாருடா?"

நாம் சேர்ந்து படித்த 'இரத்தப் படலம்' காமிக்ஸ் ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அக்கா! இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முதல் கேள்வியை நீ நாலு பேர் முன்னால்தானே கேட்டாய்.

என்னைக் கெடுத்தது நீதான். அதை முதலில் ஒப்புக்கொள். 1984-ல் எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதிமூன்று. அந்த வருஷம்தான் தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் அதே வருஷம். ராணி ஒன்றரை ரூபாய். தந்தி ஆபீஸ் புத்தகம் என்பதால் அப்பா அதைப் பேப்பரோடு பேப்பராகச் சேர்த்துவிடுவார், திட்டமாட்டார். லயனைத்தான் கணக்கு நோட்டுக்குள் வைத்துக் கடத்திக்கொண்டு வரவேண்டும். அதன் முதல் இதழே மாடஸ்டி கதை. ஒரு பெண் தடித்தடி ஆண்களைப் புரட்டி எடுக்கிறாள் என்பதால் நீ அதை என்னிடம்கூடக் காட்டாமல் மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தாய். மறந்திருக்க மாட்டாய்.

முத்து காமிக்ஸ் அதற்கும் முந்தியது, 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது, உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியுமே, அந்த ஆள். அது நமக்குப் புதிதாகக் கிடைத்ததே இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த வாடகைப் புத்தகக் கடையில், நாளைக்குப் பத்துப் பைசா. ஐம்பது கை பட்டு வருகிற புத்தகம். அட்டை இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. நீ குரலை மாற்றி மாற்றி வாசிப்பாய், வில்லனுக்குக் கட்டைக் குரல், போலீசுக்கு நம் ஹெட்மாஸ்டர் குரல். கடைசிப் பக்கம் இல்லாத இடம் வந்ததும் கொஞ்சம்கூடத் தயங்காமல் முடிவையும் வாசித்துவிடுவாய். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஒரு மாயாவி கதையில் நீ சொன்ன முடிவு இன்னும் நினைவிருக்கிறது. மாயாவி கடற்கரையில் உட்கார்ந்து, இரும்புக்கையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் சுண்டல் சாப்பிடுவான். மறுபதிப்பில் நிஜமான கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அதிகாரி ஒருவர் கைகுலுக்கிப் பாராட்டுகிறார், முற்றும். உன் சுண்டல் எவ்வளவோ தேவலை.

இந்த மறுபதிப்பு விஷயத்தை உன்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் நினைப்பதுபோல நான் பழைய ஞாபகத்துக்காகத்தான் திரும்ப வந்தேன். கல்லூரி போனதும் காமிக்ஸை விட்டிருந்தேன், கனமான நாவல்களைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. உன் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா நம் கட்டு முழுவதையும் எடைக்குப் போட்டதைக்கூட அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று நூறு ரூபாய்க்கு ஒரு இதழ் போட்டது. அதைப் பார்த்த அன்று கை நடுங்கியது. அப்புறம் பைத்தியம் பிடித்தமாதிரி வாங்கினேன். பழைய முத்து இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள் தெரியுமா? நானும் ஒன்று வாங்கினேன், எவ்வளவுக்கு என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

வாங்கிப் படித்தால், அக்கா, ஒன்றுமே நடக்கவில்லை. சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சேர்த்துக் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு, கை மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும் என்று நம்பி அடுப்படிக்குள் நுழைந்தேனே. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் குடத்தைக் கொடுத்து, தண்ணீர் வந்துவிட்டது, போ என்றாள். அந்தப் பையன் வருவான் என்று காத்திருந்தேன், வரவில்லை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவான், கை மட்டும் தெரியும், வில்லனின் கூடாரத்தில் எப்படியும் ஒரு ஒயர் தொங்கும். நாலு கதை படித்ததும் கொட்டாவி வந்துவிட்டது.

ஆனால் கதையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது வேறொன்று நடந்தது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். 1962-ல் லண்டனில் வேலியண்ட் என்ற வாரப் பத்திரிகைக்காக வரைந்தது. ஒரு தெருவிளக்கு, ஈரத் தரை, சுவரில் பாதி முகம். கருப்பு மையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்திருக்கிறார்! ஒன்பது வயதில் நாம் கையை மட்டும்தான் தேடினோம். மூலக்கதையின் ஆரம்பத்தில் அந்த ஆள் நல்லவனே இல்லை, கொள்ளைக்காரன். இதுவும் அந்த வயதில் என் மண்டையில் ஏறவில்லை.

கௌபாய் கதை ஹீரோ கேப்டன் டைகர் விஷயம் இதற்கு நேர்மாறு. உனக்கும் எனக்கும் பிடிக்காதவர். மூக்கு உடைந்து, சவரம் செய்யாமல், சீட்டாடிக்கொண்டு, அடிக்கடி தோற்றுப்போகிற ஒரு ஹீரோ எதற்கு என்று இரண்டு பக்கத்தில் மூடிவைத்தோம். பிரெஞ்சில் அவர் பெயர் புளூபெர்ரி. சார்லியே என்பவர் எழுதி ஜான் ஜிரோ என்பவர் வரைந்தது. 2015-ல் 'மின்னும் மரணம்' வண்ணத்தில் பெரிய தொகுப்பாக வந்தபோது இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன். செய்யாத குற்றத்துக்குப் பழி, பதவி போய், பெயர் போய், தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லாமல் பாலைவனத்தில் அலைகிற மனிதன். அந்த வருஷம் ஆபீசில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் இதைப் படித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

சரி, உன் ஆளுக்கு வருகிறேன்.

'இரத்தப் படலம்'. வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை. அங்கே அது தொடங்கியதும் 1984-ல்தான், நாம் ராணிக்கும் லயனுக்கும் காசு தேற்றிக்கொண்டிருந்த அதே வருஷம். கடலில் அடித்து ஒதுங்குகிறான் ஒருவன். தலையில் குண்டுக்காயம், ஞாபகம் சுத்தமாக இல்லை, கழுத்தெலும்பு ஓரம் ரோமன் எழுத்தில் பதிமூன்று. ஒவ்வொரு பாகத்திலும் யாராவது வந்து நீ இன்னார் என்பார்கள், அடுத்த பாகத்தில் அது பொய்யாகும். நீ வரலாறு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாய். ஆலன் அடித்தாகிவிட்டது, ஸ்டீவ் ரோலண்ட் அடித்தாகிவிட்டது. அதற்குள் உனக்குக் கல்யாணம் வந்துவிட்டது. நோட்டும் எடைக்குப் போயிருக்கும்.

பிரெஞ்சில் அந்த முதல் சுற்று 2007-ல்தான் முடிந்தது. அதன் ஒரு பாகத்தை வரைந்தவர், நீ நம்பமாட்டாய், நமக்குப் பிடிக்காத டைகரை வரைந்த அதே ஜிரோ. தமிழில் 2010-ல் எல்லாம் சேர்ந்து கருப்பு வெள்ளையில் ஒரு தடித் தொகுப்பாக வந்தது. அரைக்கால் சட்டையில் ஆரம்பித்த கதையை முடிக்கும்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அன்றைக்கே உனக்குப் போன் செய்யத் தோன்றியது. உனக்கு நினைவிருக்குமோ என்னவோ என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அதை மறுபடி படித்தது அப்பா போன பிறகு. ஆரம்பத்தில் அவனைக் காப்பாற்றி வீட்டில் வைத்துக்கொள்ளும் வயதான தம்பதி நினைவிருக்கிறதா? அவன் பெயர் தெரியாததால் இறந்துபோன தங்கள் மகன் ஆலனின் பெயரால் அவனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கங்களை நாம் வேகமாகப் புரட்டினோம், துப்பாக்கி எப்போது வரும் என்று. அப்பா கடைசி இரண்டு வருஷமும் என்னைச் சித்தப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். முதல் வாரம் "இல்லப்பா, நான் உங்க மகன்" என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் அந்தப் பெயருக்கே "என்னண்ணே" என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன். அவர் முகம் தெளிந்துவிடும். இந்த முறை அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன், அக்கா.

அவன் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. தொகுப்பை நேற்று கூரியரில் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். எழுத்து கொஞ்சம் பொடி, கண்ணாடி போட்டுக்கொள். மகளிடம் மருந்து என்று சொல்லிக்கொள். உள்ளே இருநூறு பக்க நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன், பெயர்களை மறுபடி முதலிலிருந்து எழுது. கடைசிப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துத்தான் அனுப்பினேன்.

இப்போது கடைகளில் அந்தப் பதிப்பு கிடைப்பதில்லை. அதனால் படித்து முடித்ததும் திருப்பித் தரவேண்டும். அத்தான் அதன் மேல் காபி டம்ளரை வைக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி