இஸ்திரி வண்டி அக்காவுக்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும்

அன்பான தெருக்காரர்களுக்கும், உறவுகளுக்கும், கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கும்,

கத்தரி வெயிலில் மைதானத்தில் விளையாடப் போன என் மகனை, உடம்பு கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறான். வேர்வையே நின்றுபோயிருந்த அவனுக்கு நேற்று சட்டை நனைய நனைய வேர்த்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அன்றைக்கு மீட்டர் போடாமல், பேச்சே கொடுக்காமல் கெடிலம் பாலத்தைப் பறந்து கடந்த ஆட்டோ அண்ணனுக்கு. கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை அரைக் கட்டி உடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடி வந்த தம்பிகளுக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்தே வைத்திருந்த எதிர்வீட்டு மாமிக்கு. புதுச்சேரி பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டருக்கு. தவளக்குப்பத்தில் பஸ் நின்றபோது, கேட்காமலே தன் பாட்டில் தண்ணீரை என் துண்டில் ஊற்றி நனைத்துக் கொடுத்த, பெயர் தெரியாத அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு. ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளையை ஃபேனுக்கு நேர்கீழே உட்கார வைத்து, மணிக்கொரு தடவை சட்டையை நனைத்துவர அனுப்பிய வகுப்பு டீச்சருக்கு. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்கள் எனக்குத் தொடர்ச்சியாக ஞாபகத்தில் இல்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி நிதானமாகச் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவை மஞ்சக்குப்பத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். நான் வேலைக்குப் போவதால் எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்து, தேய்த்துக் கொடுப்பதும் அவர்தான். ஆறு வருடமாகத் துணி எத்தனை, காசு எவ்வளவு என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியில் உட்கார்ந்து மடியிலிருந்த பையைப் பிரித்தார். உள்ளே இரண்டு சட்டை. ஒன்று அவருடைய பேரனுடையது. இன்னொன்று, அன்றைக்கு மைதானத்திலிருந்து தூக்கி வந்தபோது என் மகன் போட்டிருந்தது.

“கோச்சிக்காதம்மா. இத நான் இன்னும் துவைக்கல. ஒனக்குக் காட்டணும்னு எடுத்து வச்சேன்.”

இரண்டு சட்டையின் காலரையும் விரித்து என் மடியில் போட்டார். இரண்டிலும் மைதானத்துச் செம்மண் இருந்தது. பேரன் சட்டைக் காலரில் கறுப்பாக ஒரு வரி, முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் மொடமொடவென்று இருந்தது. என் மகன் சட்டையில் மண் மட்டும்தான். தட்டினால் உதிர்ந்தது. உள்பக்கம் அலமாரியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

“வெயில்ல ஆடின புள்ள சட்டை இப்பிடியாம்மா இருக்கும்? பொங்கலுக்கு அப்புறம் ஒரு மாசம் வரைக்கும் இவன் காலருக்கு பிரஷ் போட்டுத்தான் துவைச்சேன். பங்குனியில இருந்து போடவே இல்ல. அழுக்கே இல்ல. நம்மள எங்க கேக்கப்போறாங்கன்னு சும்மா இருந்துட்டேன். இருந்திருக்கக் கூடாது.”

அப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டு, பனியனுக்குள் கைவிட்டு முதுகைத் தடவிப் பார்த்தார். கரிப்பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்ந்த கை அது. “அடுப்புல வச்ச ஓடு மாதிரி இருக்கே. பொட்டு ஈரமில்ல” என்றார்.

நான் அழுதுவிட்டேன். ஏனென்றால் இரண்டு மாதமாக அதே காலரைப் பார்த்து, ‘என் பிள்ளை சட்டை அழுக்காகாது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். காலையில் 98.4 இருந்த உடம்பு பள்ளிவிட்டு வரும்போது 102 காட்டும். ஃபேனுக்கடியில் படுத்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரைக்கு மட்டும் இறங்காது. வைரஸ் என்றார்கள், டைஃபாய்டு என்றார்கள், மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வேர்க்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் படித்தேன். பிறவியிலேயே வியர்வைச் சுரப்பி சரியாக உருவாகாத குழந்தைகள் உண்டு, அவர்களுக்கு முடி அடர்த்தியாக இருக்காது, பற்கள் குறைவாகவும் கூம்பாகவும் இருக்கும் என்று போட்டிருந்தது. சிந்துப் பகுதியில் ஒரே குடும்பத்தில் நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இப்படி இருந்ததை டார்வினே 1875இல் எழுதியிருக்கிறார். தூங்கும் பிள்ளையின் வாயை மெதுவாகத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் பல்லை எண்ணினேன். அந்த வெளிச்சத்தில் எல்லாப் பல்லும் கூம்பாகத்தான் தெரிந்தது.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு டாக்டரம்மாவிடம் அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “பங்குனியில் இருந்துன்னு சொன்னாங்களா? அதுக்கு முன்னாடி காலர் அழுக்காச்சா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறவிக் குறை என்றால் எப்போதுமே வேர்த்திருக்காது. நடுவில் நின்றதென்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. சர்க்கரை நோயில் நரம்பு கெட்டாலும் வியர்வை குறையும், தோலே கெட்டாலும் குறையும், சில மாத்திரைகளாலும் குறையும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, “தை மாசம் புதுசா என்ன மருந்து ஆரம்பிச்சீங்க?” என்றார்.

பிள்ளையின் வலிப்புக்குத் தை மாதம் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். டோபிரமேட். சில பேருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இது வியர்வையைக் குறைத்துவிடுமாம். எழுதிக் கொடுத்த இடத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளை முதுகில் அயோடின் தடவிக் காயவைத்து, மேலே மாவைத் தூவி, வெக்கையில் உட்கார வைத்தார்கள். வேர்வை பட்ட இடம் கருநீலமாக மாற வேண்டும். காத்திருந்து பார்த்தோம். இடுப்போரம் நாலைந்து புள்ளி. மற்ற இடமெல்லாம் தூவின மாவு தூவினபடியே இருந்தது. உடம்பில் 20 லட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பி உண்டாம். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகும் என்றார் டாக்டரம்மா. அந்த வழி அடைபட்ட உடம்போடுதான் நான் அவனை வெயிலில் விளையாட அனுப்பியிருக்கிறேன்.

நரம்பு டாக்டரோடு பேசி, வேறு மருந்தை ஆரம்பித்து, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அதுவரை ஈரத்துணி, ஃபேன், மதியம் வீட்டுக்குள் என்று ஓட்டினோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்துணி கூடச் சீக்கிரம் காயாது. கடல்காற்று திரும்பும் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஆடியில் ஒருநாள் சாப்பிடும்போது அவன் மேலுதட்டில் பொடிப்பொடியாக முத்து அரும்பியிருந்தது. துடைக்க மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் யாரும், தயவுசெய்து, வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாக வரலாம். பிள்ளைக்கு வேர்க்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேர்க்கவில்லை என்றால் நிழலில் வைத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நானும் இனி எந்தப் புது மாத்திரையானாலும் ‘இது உடம்பில் வேறென்ன செய்யும்’ என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். யார் முகம் சுளித்தாலும் சரி.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் வேர்வையை நாற்றம் என்று நினைத்து பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு திரிகிறோம். நீங்கள் சித்திரை வெயிலில் கரிச்சூட்டுக்குப் பக்கத்தில் நின்று, அடுத்தவர் வேர்வையைக் கையால் கசக்கித் துவைக்கிறீர்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு ஆடியது, யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. நாலு நாள் அந்தச் சட்டையைத் தண்ணீரில் போடாமல் எடுத்து வைத்தீர்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ‘நம்மள எங்க கேக்கப்போறாங்க’ என்று நீங்கள் தயங்கிய அந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் காரணம். ஆறு வருடத்தில் ஒருநாளாவது உட்கார்ந்து பேசியிருந்தால் நீங்கள் பங்குனியிலேயே சொல்லியிருப்பீர்கள். பேர் போடாதே என்று சொன்னீர்கள், போடவில்லை. வண்டிக்கு மேல் அந்தக் கீற்றுப் பந்தலை மட்டும் அடுத்த வெயிலுக்கு முன்னால் நான் போட்டே தீருவேன், அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

நேற்று சில்வர் பீச்சில் மணலில் பந்தடித்துவிட்டு வந்தான். முதுகோடு ஒட்டிக்கொண்ட சட்டையை உரித்துத்தான் கழற்றினேன். அப்படியே மூட்டையில் மேலாக வைத்திருக்கிறேன். காலையில் நானே எடுத்து வருகிறேன், அக்கா. காலரை மட்டும் முதலில் விரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய்