சான்சலர் மட்டும்தான் ஜெர்மனியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எந்தச் செய்தி வந்தாலும் அது அரசின் தலைவரான சான்சலரில் தொடங்கி சான்சலரிலேயே முடிந்துவிடுகிறது. மெர்க்கெல் முடிவெடுத்தார், ஷோல்ஸ் அறிவித்தார், இப்போது மெர்ஸ் எச்சரித்தார். மந்திரிகள் என்று சிலர் இருப்பதே படத்தில் பின்வரிசையைப் பார்த்தால்தான் தெரிகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் இது ஆச்சரியமில்லை, இலாகா பறிபோன செய்தியை மந்திரியே பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளும் ஊர் நமது. ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜெர்மனியைப் பார்த்தால் பாதி விஷயம் தப்பிப்போகும்.

1949-ல் வந்த அவர்களுடைய அடிப்படைச் சட்டத்தில், அதாவது அரசியல் சட்டத்தில், 65-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைச் சான்சலர் சொல்லலாம். அந்த வரம்புக்குள் ஒவ்வொரு மந்திரியும் தன் இலாகாவைத் தானே, தன் பொறுப்பிலேயே நடத்துவார். இரண்டு மந்திரிகளுக்குள் தகராறு வந்தால் மொத்த மந்திரிசபையும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

கிளைபோசேட் களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் ஐந்து வருடம் அனுமதி நீட்டிப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. வேளாண் மந்திரி கிறிஸ்டியான் ஷ்மிட், மெர்க்கெலின் சி.டி.யு.வோடு கூட்டணியில் இருந்த பவேரியாவின் சி.எஸ்.யு. கட்சிக்காரர், அவர் நீட்டிக்கலாம் என்றார். சுற்றுச்சூழல் மந்திரி பார்பரா ஹென்ட்ரிக்ஸ், சமூக ஜனநாயகக் கட்சி, கூடவே கூடாது என்றார். இப்படி இரண்டு இலாகா மோதினால் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அரசு தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. ஷ்மிட் அதையெல்லாம் பார்க்கவில்லை, ஜெர்மனி சார்பில் 'சரி' என்று வாக்களித்துவிட்டார், அனுமதியும் நீண்டுவிட்டது! இது அரசு பேசி முடிவு செய்ததற்கு மாறானது என்று மெர்க்கெல் வெளிப்படையாகவே கண்டித்தார். அப்புறம்? ஒன்றும் இல்லை. மறுபடி ஆட்சி அமைந்த 2018 மார்ச் வரை ஷ்மிட் அதே நாற்காலியில்தான் இருந்தார். உலகிலேயே சக்தி வாய்ந்த பெண்மணி என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிய அதே மெர்க்கெல்தான்.

காகிதத்தில் பார்த்தால் அவர் ஷ்மிட்டை அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். சான்சலர் பரிந்துரைத்தால் குடியரசுத் தலைவர் மந்திரியை நீக்குவார், அவ்வளவுதான் சட்டம். ஆனால் எந்த இலாகா எந்தக் கட்சிக்கு என்பது கூட்டணி ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிடுகிறது, அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்பதும் பெரும்பாலும் அந்தக் கட்சித் தலைமையின் கையில்தான். அடுத்த கட்சி மந்திரியைத் தொட்டால் ஆட்சியே ஆடும். தன் கட்சிக்காரர் என்றால் அந்தத் தயக்கம் கிடையாது. 2012-ல் நார்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத் தேர்தலில் தோற்றுவந்த சுற்றுச்சூழல் மந்திரி நோர்பர்ட் ரோட்கனை அதே மெர்க்கெல் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த கட்சி மந்திரியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பர் 6-ம் தேதி இரவு எல்லோரும் பார்த்தோம். நிதி மந்திரி கிறிஸ்டியான் லிண்ட்னரை ஷோல்ஸ் நீக்கினார், லிண்ட்னரின் எஃப்.டி.பி. கட்சி கூட்டணியை விட்டுப் போனது, டிசம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஷோல்ஸ் தோற்றார், பிப்ரவரியில் தேர்தல். (போக்குவரத்து மந்திரி வோல்க்கர் விஸிங் மட்டும் கட்சியை உதறிவிட்டு மந்திரியாகவே தொடர்ந்தார், சட்ட இலாகாவும் சேர்ந்து கிடைத்தது. நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.)

லிண்ட்னர் விஷயத்தில் உங்கள் செய்தி இரண்டு பேருக்குள் நடந்த சொந்தச் சண்டை மாதிரி எழுதியிருந்தது. அது வெறும் சொந்தச் சண்டை இல்லை, நிதி மந்திரி பதவிக்கே அங்கே அவ்வளவு பலம். பட்ஜெட்டைத் தாண்டி ஒரு செலவு செய்ய வேண்டுமென்றால் அவருடைய சம்மதம் வேண்டும் என்று 112-வது பிரிவு சொல்கிறது, அதற்கு மேல் அரசு இஷ்டத்துக்குக் கடன் வாங்க முடியாதபடி 2009-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்த கடன் கட்டுப்பாடு வேறு. உக்ரைனுக்குப் பணம் வேண்டும், அதற்காக அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள் என்று சான்சலர் கேட்க, முடியாது என்று நிதி மந்திரி நிற்க, நிற்பதற்கு அவருக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது.

சான்சலருக்குப் பல்லே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2022 அக்டோபரில் அணுமின் நிலையங்களை மூடுவதில் பசுமைக் கட்சி மந்திரிகளும் லிண்ட்னரும் மல்லுக்கட்டியபோது ஷோல்ஸ் 65-வது பிரிவைக் கையில் எடுத்து மூன்று மந்திரிகளுக்குக் கடிதமே எழுதினார், கடைசி மூன்று நிலையங்களும் 2023 ஏப்ரல் 15 வரை ஓடட்டும் என்று. ஒரு சான்சலர் தன் மந்திரிக்கு இதை எழுத்தில் கொடுத்தார் என்பதே அன்றைக்கு அங்கே தலைப்புச் செய்தி, அவ்வளவு அபூர்வம்.

இந்தச் சுதந்திரத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு பக்கமும் உண்டு. நாடாளுமன்றம் ஒரு தனி மந்திரியை ஓட்டுப்போட்டு இறக்க முடியாது. இறக்க வேண்டுமானால் புதிய சான்சலரைத் தேர்ந்தெடுத்து முழு அரசையும் மாற்ற வேண்டும், அது வெற்றி பெற்றது 1982-ல் ஒரே ஒரு முறை. அதனால் மந்திரி போவதா இருப்பதா என்பது அவர் மனசாட்சி, கட்சி, பத்திரிகைகள் இந்த மூன்றையும் பொறுத்தது. போனவர்கள் உண்டு. 1993-ல் பாட் கிளைனன் ரயில் நிலையத்தில் தீவிரவாதிகளைப் பிடிக்கப்போன போலீஸ் நடவடிக்கை சொதப்பியதற்கு உள்துறை மந்திரி ருடால்ஃப் ஸைட்டர்ஸ் ராஜினாமா செய்தார். முனைவர் பட்ட ஆய்வில் காப்பியடித்த விவகாரத்தில் 2011-ல் பாதுகாப்பு மந்திரி குட்டன்பெர்க் போனார், 2013-ல் கல்வி மந்திரி ஷவான் (கல்வி மந்திரியே!), 2021-ல் குடும்பநல மந்திரி கிஃபி. சரி, நல்லது. ஆனால் போக்குவரத்து மந்திரி அந்திரேயாஸ் ஷாயர், கார்களுக்குச் சுங்கம் வசூலிக்க ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு வருமுன்பே கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். 2019-ல் தீர்ப்பு எதிராக வந்தது. நஷ்ட ஈடாக அரசு கட்டியது 243 மில்லியன் யூரோ, அன்றைய கணக்கில் நம் பணத்தில் 2,000 கோடிக்கும் மேல். நாடாளுமன்ற விசாரணைக் குழு எல்லாம் வைத்தார்கள், மனுஷன் 2021-ல் ஆட்சிக் காலம் முடியும்வரை அசையவில்லை. அடிக்குறிப்பு போடாதவர் வீட்டுக்குப் போகிறார், கஜானாவைக் காலி செய்தவர் இருக்கிறார். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பத்திரிகை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் படிக்கவும் வேலைக்கும் நம் பிள்ளைகள் இத்தனை பேர் கிளம்புவதால்தான். 2024 அக்டோபரில் இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசா 90,000 ஆகும் என்ற செய்தியை ஷோல்ஸ் டெல்லிக்கு வந்து கொடுத்த பரிசு போலப் போட்டீர்கள். விசா கொடுக்கும் தூதரகங்கள் வெளியுறவு மந்திரியின் கீழ் வருகின்றன, தங்கும் உரிமைச் சட்டமும் குடியுரிமையும் உள்துறை, வேலைச் சந்தை தொழிலாளர் துறை. ஷோல்ஸ் ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆவதற்குள் அவர் கூட்டணியே உடைந்துவிட்டது. இப்போது அந்த மூன்று இலாகாவும் மூன்று கட்சிகளிடம்: வெளியுறவு சி.டி.யு.வின் வாடஃபுல், உள்துறை சி.எஸ்.யு.வின் டோப்ரிண்ட், தொழிலாளர் துறை சமூக ஜனநாயகக் கட்சியின் பெர்பல் பாஸ். நன்றாக ஒன்றிக் கலந்து வாழ்பவர்களுக்கு மூன்றே வருடத்தில் குடியுரிமை என்று 2024 ஜூனில் நான்ஸி ஃபேஸர் உள்துறை மந்திரியாக இருந்தபோது வந்த வழியை, டோப்ரிண்ட் வந்தபின் 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அதை நம்பிக் கணக்குப் போட்டுக் கிளம்பியவர்களும் இருந்திருப்பார்கள். அடுத்த முறை அங்கே ஆட்சி மாறும்போது புதிய சான்சலரின் படத்தோடு உள்துறையும் வெளியுறவும் யாரிடம், எந்தக் கட்சியிடம் போனது என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டோர்ட்முண்ட், ஜெர்மனி