வழிவிட்டு உட்கார்ந்திருந்த மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், பேச்சு சாப்பாட்டிலும் சம்பளத்திலும் போய் முடிந்துவிடும். அதனால்தான் பேப்பர் எடுத்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து ஆறு வாரம் ஆகிறது. அன்று விடியற்காலை ஆராதனையில் நடந்ததைப் பற்றி நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

நற்கருணை அப்பம் வாங்க நம் பெஞ்சு எழுந்தபோது நீ எழுந்திருக்கவில்லை. முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டாய். தாண்டிப் போகையில் என் வேட்டி உன் காலில் உரசியது. பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் நீட்டி அப்பத்தை வாங்கினேன். மனசு பின்னால் பெஞ்சிலேயே கிடந்தது. பெண்கள் பக்கமிருந்து அம்மாவும் பார்த்துவிட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர், "தம்பிக்கு மேலுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். "ஆமா, ராத்திரி பஸ்ஸுல வந்த அலுப்பு" என்றேன். கோயில் வாசலில் நின்று நான் சொன்ன பொய் அது. வீட்டுக்கு நடக்கும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நம்பாம வாங்கினா பொய்யாயிடும்ப்பா."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்திருக்கிறது.

எனக்கு இருபத்துநாலு வயதில் உன் ஆச்சி புற்றுநோயில் இறந்தாள். ஏழு மாதம் படுக்கை. வீட்டில் ஜெபம் நடக்காத சாயங்காலம் கிடையாது. நிச்சயம் எழுந்து நடப்பாள் என்று தலையில் கை வைத்துச் சொல்லிப் போனவர்கள் உண்டு. அடக்கம் முடிந்த பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். ஆனால் ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை. பாடகர் குழுவில் நின்று பாடினேன், மாதா மாதம் நற்கருணையும் வாங்கினேன். தொண்டைக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து வேலைக்கு எழுதிப் போட்டிருந்த சமயம் அது. அதற்குச் சபைப் போதகரான ஐயரின் கடிதம் வேண்டும். கோயிலுக்கு வராதவனுக்கு அவர் எப்படிக் கொடுப்பார்? நீ செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த காரியத்தை நான் இரண்டு வருஷம் செய்திருக்கிறேன், தம்பி. அம்மாவுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது.

தன்னைத்தானே சோதித்தறிந்த பிறகுதான் அந்த அப்பத்தைத் தொட வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். அன்று நம் பெஞ்சில் அந்த வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தவன் நீ.

நான் எப்படித் திரும்பினேன் என்று கேட்பாய். சாட்சி சொல்கிறவர்கள் சொல்வதுபோல வெளிச்சமோ சத்தமோ எதுவும் இல்லை. ஆச்சி உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஒரு பழைய டின்னில் போடுவாள். மிஷனரி ஊழியத்துக்கு. சபையிலிருந்து ஒரு அம்மா வாரா வாரம் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஆச்சி போன பிறகும் அவர்கள் வந்தார்கள். டின் காலி. முதல் வாரம் ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப வெட்கப்பட்டு நானே ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அதன்பிறகு கை பழகிவிட்டது. கை போன வழியில் ரொம்ப நாள் கழித்துத்தான் மனசு போனது. எந்த நாள் மறுபடியும் ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா என்னிடம் ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை.

வெள்ளாளன்விளைக்கு உன்னைச் சைக்கிளில் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? அசரியா பிறந்த ஊர். அவர் பேராயரானதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தினது. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழர்கள் வெள்ளைக்காரன் பணத்தை எதிர்பார்க்காமல் தாங்களே காசு சேர்த்து ஊழியரை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருவரானார். அப்போது வயது இருபத்தெட்டு, உன்னைவிட ஒன்று கூட. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் எங்களுக்காக எத்தனையோ கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பலருக்கு அது பிடிக்கவில்லை. பெரியவர்களைப் பார்த்து ஒரு வாலிபன் குறை சொன்னால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அவர் அன்று சொன்னது குறைதானே?

நீ என்னிடம் சொன்ன குறைகளும் எனக்கு மறக்கவில்லை. சபைத் தேர்தல் வந்தால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது, ஜெபத்தில் தொடங்கிய கூட்டம் போலீஸில் போய் முடிகிறது, எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் பொறுப்புக் கொடுக்கிறார்கள் என்றாய். ஒன்றுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. நானும் வாக்கு கேட்டு வீடு வீடாகப் போனவன். நம் பக்கத்து ஆள் என்பதற்காகவே தகுதியில்லாதவருக்குக் கை தூக்கியிருக்கிறேன். நீ பத்து வயதில் திண்ணையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இன்னொன்று. முதல் நற்கருணைக்கு முன்னால் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில், ஆதாமின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று நீ கேட்டதற்கு உபதேசியார் உன்னை எழுப்பி நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடமும் கேட்டாய். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்று அதட்டினேன். எனக்குப் பதில் தெரியாது, அவ்வளவுதான் காரணம். அந்த வருஷம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேராயர் முன்னால் முழங்காலில் நின்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உன் அறை நண்பனோடு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்ப் பதினாலு கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடந்தேன் என்றாய். எனக்கு உறுத்தியது, மறைக்கவில்லை. "சாமிக்காக இல்லப்பா, மனசுக்கு நல்லா இருந்துச்சு" என்றாய். உன் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் பேசுகிறீர்கள். ஒருவன் தியானம் என்கிறான், ஒருத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறாள், கேட்டால் நிம்மதி என்கிறார்கள். நிம்மதியைக் குறை சொல்ல நான் யார். ஆனால் என் மனசுக்கு நல்லது என்பதோடு நின்றுவிட்டால், வெறும் டின்னைப் பார்த்துவிட்டும் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு அதில் எங்கே இடம்? எனக்கு விசுவாசம் என்பது அவர்கள் வந்து உட்கார்ந்ததுதான்.

போன மே மாதம் அசனத்தில், நம் கோயில் பொதுவிருந்தில், உன்னைப் பார்த்தேன். கிடாரத்திலிருந்து சோற்றை அள்ளி ஓலைப்பாயில் கொட்டி, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க வாளியில் நிரப்பிக்கொண்டு ஓடினாய். கடைசிப் பந்தியில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று தயங்கித் தயங்கி வாசலில் நின்றது. நீதான் போய் இலை போட்டுக் கூட்டிவந்தாய். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, குழம்பு தீர்ந்துபோய், வெறும் ரசத்தை ஊற்றிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய். அப்போதும் உனக்கு நம்பிக்கை இருந்திருக்காது என்று இப்போது புரிகிறது. அந்த இடத்தில் நீ அந்நியனாக இருந்தாய் என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

நீ வேலை பார்க்கிற கிண்டியிலிருந்து, இயேசுவின் சீஷர் தோமா உயிர்விட்டதாகச் சொல்லும் பரங்கிமலை கூப்பிடு தூரம். தோமாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்திருக்கும். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, அவர் காயத்தில் விரலை விட்டாலொழிய நம்ப மாட்டேன் என்றவர். பிரசங்கத்தில் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு: எட்டு நாள் கழித்துச் சீஷர்கள் கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார். அந்த எட்டு நாளும் அவர் நம்பவில்லை. மற்றவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் போய்விடவில்லை. நான் உன்னிடம் கேட்பது அந்த எட்டு நாளைத்தான். எட்டு வருஷம் ஆனாலும் சரி, நம்பிக்கை வராமலேயே போனாலும் சரி. வர வேண்டும் என்று நான் ஜெபிக்கிறேன், அதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். வந்தால்தான் என் மகன் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் நானே பேசுகிறேன். நீ அவளிடம் எதையும் விளக்க வேண்டாம். அவளுக்கு உன் ஆத்துமாவைவிட உன் இளைப்புதான் இப்போது கவலை. முந்திரிக்கொத்து சுட்டு வைத்திருக்கிறாள், சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு வா. அதே பெஞ்சில் உட்காருவோம். நற்கருணைக்கு எழும்போது நீ உட்கார்ந்திருந்தால் முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொடு. போய்விட்டு உன் பக்கத்திலேயே வந்து உட்காருவேன். வாசலில் யாராவது கேட்டால், இந்தத் தடவை பஸ் அலுப்பு என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா