காயம் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றிச் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்தடுத்துக் காயம், பாவம், அவர்களுக்கு நேரம் சரியில்லை என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய மைதானம் இருக்கும் அனஹைமுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து இந்த அணியை விடாமல் பார்த்து வருகிறவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

2012இல் இங்கே வந்தபோது எனக்கு பேஸ்பால் ஒன்றுமே தெரியாது. அலுவலகத்து நண்பர் ஒருவர்தான் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். மைக் டிரவுட் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கிய ஆண்டு அது. இருபது வயதுப் பையன் சுவரில் தாவி, எல்லைக்கு வெளியே போய் ஹோம் ரன் ஆக வேண்டிய பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். அன்று முதல் நான் ஏஞ்சல்ஸ் ரசிகன். என் மகன் டிரவுட்டின் 27ஆம் எண் சட்டை போட்டே வளர்ந்தான். அவன் சின்னப் பையனாக இருந்த 2014இல்தான் இந்த அணி கடைசியாக பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் அக்டோபரில் நடக்கும் நாக்அவுட் சுற்று, ஆடியது. கான்சஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டங்களில் மூன்றிலும் தோற்றது. மூன்று முறை எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர், ஆன டிரவுட் இதுவரை ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் அந்த மூன்றுதான்.

காயங்கள் பொய்யில்லை. 2021இல் டிரவுட்டுக்குக் கெண்டைக்கால், 2022இல் முதுகு, 2023இல் மணிக்கட்டு எலும்பு, 2024இல் முழங்கால். அந்த நான்கு சீசன்களின் 648 ஆட்டங்களில் அவர் ஆடியது 266. ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ஆன்டனி ரெண்டோன் கதை இன்னும் மோசம். 2020 முதல் 2025 வரையிலான 870 ஆட்டங்களில் 257இல்தான் ஆடினார். 2025 முழுக்க ஒரு நாள்கூட இறங்கவில்லை. யாரும் வேண்டுமென்று அடிபடுவதில்லை, வீரர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எல்லா அணிக்கும்தான் அடிபடுகிறது. ஒருவர் விழுந்தால் அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் தயாராக இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வருகிற டாட்ஜர்ஸ் அணியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் அவர்களுடைய முக்கிய பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) பாதிப் பேர் காயத்தில் கிடந்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர் என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு, சில ஆட்டங்களை நடுவில் வந்து வீசும் ரிலீவர்களைக் கொண்டே ஓட்டி, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றார்கள். பணக்கார அணி, அவர்களால் முடியும் என்பீர்கள். சரி, சம்பளப் பட்டியலில் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் டாம்பா பே 2008இலும் 2020இலும் உலகத் தொடர் வரை போனதே?

ஏஞ்சல்ஸ் நிர்வாகம் பணம் செலவழிக்கத் தயங்கியதில்லை. பெரிய பெயர் ஒன்றை வாங்கி வருவதுதான் அவர்கள் வழக்கம். முதலில் புஹோல்ஸ், அப்புறம் ஜாஷ் ஹாமில்டன், அப்புறம் ரெண்டோன். நல்ல பிட்சர் வேண்டும் என்று ரசிகர்கள் கதறிய 2019 டிசம்பரில், இந்த ஆரஞ்ச் கவுண்டியிலேயே வளர்ந்த பிட்சர் கெரிட் கோல் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விட்டார். உடனே அந்தப் பணம் ரெண்டோனுக்குப் போனது. பிட்சர் இடத்தை மட்டும் ஹார்வி, கேஹில், டெஹெரான், கின்டானா என்று ஓராண்டு ஒப்பந்தக்காரர்களை வைத்தே ஒப்பேற்றினார்கள். புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல் எடுத்த 20 பேரையும் பிட்சர்களாகவே எடுத்தார்கள் என்றால், இத்தனை காலமும் அந்தப் பக்கத்தை எப்படிக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள் என்று தெரிகிறது.

எனக்கு ஆறாத வலி ஜப்பானிய வீரர் ஓட்டானி. பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் அப்படி ஒரு ஆளை நூறாண்டுகளாக இந்த ஆட்டம் பார்த்ததில்லை. டிரவுட்டும் அவரும் ஆறு சீசன்கள் ஒரே அணியில் இருந்தார்கள். அந்த ஆறில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. 2023 ஜூலை 27 அன்று டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து முழு ஆட்டமும் வீசி ஓட்டானி ஜெயித்துக் கொடுத்தார். அடுத்ததில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். அன்று நானும் மகனும் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டே பார்த்தோம். சீசனோடு ஒப்பந்தம் முடிய இருந்த அவரைத் தக்கவைக்க வேண்டும் என்று நிர்வாகம் அதே வாரம் வளரும் வீரர்களைக் கொடுத்து பிட்சர் ஜியோலிட்டோ போன்றவர்களை வாங்கியது. ஆகஸ்ட் 23 அன்று ஓட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாதம் முடிவதற்குள் வாங்கி வந்தவர்கள் உட்பட ஆறு பேரை, அதிகச் சம்பளத்துக்கான வரிக்கணக்குப் பார்த்து, வேண்டிய அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று பட்டியலில் போட்டார்கள். டிசம்பரில் ஓட்டானி டாட்ஜர்ஸ் பக்கம் போனார். அதற்கு ஈடாக ஏஞ்சல்ஸ் கைக்கு வந்தது ஒரு டிராஃப்ட் வாய்ப்பு மட்டும். அடுத்த ஆண்டு 99 தோல்விகள். அணியின் வரலாற்றிலேயே அதிகம்.

இதை எப்படி நேரம் சரியில்லை என்று சொல்வது?

உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோ 2003இல் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று மைதானத்தில் பியர் விலையைக் குறைத்தது. குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருகிறவர்களை அவர் மதித்தார், அதை மறுக்க மாட்டேன். 2022 ஆகஸ்டில் அணியை விற்பது பற்றி ஆலோசிப்பதாக அறிவித்து, 2023 ஜனவரியில் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். வைத்துக்கொள்வது அவர் உரிமை. அப்படியானால் இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கவும் காயமடைந்தவர்களைப் பொறுமையாகத் தேற்றவும் பெரிய பெயருக்குக் கொடுக்கும் அதே மனதோடு கொடுக்க வேண்டும். 2023இல் டிராஃப்ட் ஆன நோலன் ஷானுவெல்லை அடுத்த மாதமே பெரிய லீக்கில் இறக்கும் அளவுக்குக் கீழே ஆள் இல்லாமல் இருந்தது, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நீண்ட காலம் மேலாளராக இருந்த மைக் சோஷா விலகிய பிறகு மேலாளர்களை மாற்றிக்கொண்டே இருப்பதாலும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த முறை இந்த அணியைப் பற்றி எழுதும்போது காயப் பட்டியலோடு நிறுத்தாமல், இளம் வீரர்கள் பழகும் மைனர் லீக்கில் யார் இருக்கிறார்கள், யார் அவர்களை வளர்க்கிறார்கள் என்றும் எழுதுங்கள். 2016 முதல் 2025 வரை பத்து சீசன்களும் தோல்வி சீசன்கள்தான், ஆனாலும் இங்கே மக்கள் மைதானத்துக்குப் போகிறார்கள். நாங்களும் போகிறோம். டிரவுட்டின் ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது. அந்த ஆண்டு அவருக்கு 39 வயது ஆகும். அதற்குள் ஒருமுறையாவது அக்டோபரில் அவர் ஆடுவதை என் மகனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆரஞ்ச் கவுண்டி வாசகர் ஒருவர்